பஃப்ஸ் ஆறுவதற்குள்

என்னைப் போல வைவா பார்த்தவர்கள் புதுச்சேரியில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். என்னுடையதைத் தவிர மற்ற எல்லாருடையதையும் பார்த்திருக்கிறேன்.

லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில், வணிகவியல் துறையில், பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். ‘செய்துகொண்டிருந்தேன்’ என்பது மரியாதைக்குச் சொல்வது. ஏழாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது, நான் அப்படியே இருந்தேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். ஆய்வை முடித்தவரை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பார். அதுதான் வைவா. கேள்வி கேட்கப்படுகிறவரே வந்தவர்களுக்கெல்லாம் டிபனும் கொடுக்க வேண்டும். முட்டை பஃப்ஸ், கேக், மிக்சர், காபி. பரீட்சை எழுதுகிறவரே பந்தியும் வைக்கிற இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. பாவம், அன்றைக்கு அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதனால் வேறு யாராவது ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வருடம் ஓர் அக்காவுக்காக நான் பார்த்துக்கொண்டேன். நன்றாக அமைந்துவிட்டது. அதோடு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

“ஏற்பாடெல்லாம் பிரமாதம்மா” என்று என் ஆய்வுக்குக் கைடாக இருந்த பேராசிரியர் அன்றைக்குச் சொன்னார். அத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுக்குத்தான்.

வைவா முடிந்து வெளியே வருகிறவர்கள் ஆய்வு எப்படி இருந்தது என்று பேசி நான் கேட்டதில்லை. “பஃப்ஸ் கொஞ்சம் ஆறிப்போச்சில்ல?” என்றுதான் பேசுவார்கள். ஒருமுறை அப்படி ஆறிப்போனதற்கு ஒரு வாரம் பேச்சு வாங்கினேன். அதற்குப் பிறகு முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து பேக்கரியில், அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்துக்குப் போய் நின்று, சூடாக வாங்கிக்கொண்டு பறப்பேன். இந்த விஷயத்தில் எனக்கு யாராவது டாக்டர் பட்டம் கொடுத்திருந்தால் மறுத்திருக்க மாட்டேன்.

என் தலைப்பு, சிறு கடைகளில் வாடிக்கையாளர் திருப்தி. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லும் கேள்விகளோடு முத்தியால்பேட்டைக் கடைகளில் போய் நின்றேன். கடைக்காரர் எதிரிலேயே நிற்கும்போது எந்த வாடிக்கையாளர் ஒன்று போடுவார்? “எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுக்கம்மா. வெயில்ல நிக்கிறியே, பாவம்” என்றார் கறிவேப்பிலைக் கொத்தோடு நின்ற ஓர் அம்மா. கிட்டத்தட்ட எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கணினியில் ஏற்றிப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஐந்து. கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. கைடிடம் காட்டினேன். “இன்னும் கொஞ்சம் சாம்பிள் எடு” என்றார். எடுத்தேன். அவர்களும் திருப்தியாகவே இருந்தார்கள். ஊரில் திருப்தி இல்லாமல் இருந்தது நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை.

மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். பேலன்ஸ் ஷீட் என்கிற ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சமமாக வரும்போது ஒரு பெண் “மிஸ், வந்துடுச்சு!” என்று கத்துவாள். அன்றைய நாளில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுவாக இருக்கும். முழுநேரமாக வந்துவிடுங்கள் என்று டியூஷன் சென்டரில் கூப்பிட்டார்கள். பிஎச்.டி.யை விட்டுவிடலாமா என்று முதல் தடவையாக வாய்விட்டு என்னிடமே கேட்டுக்கொண்டது அன்றைக்கு வீடு திரும்பும் வழியில்தான். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார்.

ஒரு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கைடின் அறைக்குள் போனேன்.

“சார், பிஎச்.டி.ய விட்டுடலாம்னு இருக்கேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் வாடிவிட்டது. “எப்பலேர்ந்து?”

“இந்த மாசத்தோட சார்.”

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு மனசு இளகிவிட்டது. இவருக்கு நம்மேல் அக்கறை இருக்கிறது, போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

“அடுத்த மாசம் வைவா ஒண்ணு இருக்கேம்மா,” என்றார். “அத முடிச்சுக் குடுத்துட்டுப் போயேன். வர்றவரு முட்டை சாப்பிட மாட்டாராம். வெஜ் பஃப்ஸ் தனியா சொல்லணும்.”

“சரி சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபத்தில் காது சுட்டது. அந்தக் கோபத்திலும், இரண்டு பெட்டியாக வாங்க வேண்டும், கலந்துவிடக் கூடாது என்று மூளை ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. என் மூளையை என்னவென்று சொல்ல.

ராத்திரிக்குள் கோபம் வடிந்துவிட்டது. ஏழு வருடத்தைத் தூக்கிப் போடுவதா? இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் என்ன? சாப்பிட உட்கார்ந்தபோது, விட்டுவிடலாமா என்று யோசிப்பதை அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா மில் தொழிலாளி. மில்லில் இயந்திரங்களை நிறுத்திய பிறகும் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. காலையில் போய்க் கையெழுத்துப் போட்டால் பாதிச் சம்பளம். அப்பா தினமும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவார், கையெழுத்துப் போடுவார், டீ குடித்துவிட்டு வருவார். “எப்படியும் தொறந்துடுவாங்க” என்பார். அப்படியே பல வருடம் போனது. கடைசியில் ஒரேயடியாக இழுத்து மூடினார்கள். இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் மொபெட்டை ஓரமாக நிறுத்தி, கேட்டில் தொங்கும் பூட்டைப் பார்ப்பார். நாங்கள் யாரும் எதுவும் கேட்பதில்லை.

“வுட்றதா? இத்தினி வருஷம் போயிட்டு வந்துட்டு இப்ப இன்னாத்துக்கு வுட்ற?” என்றார் அப்பா. “தெனம் போ, கையெழுத்துப் போட்டுட்டு வா. எப்படியும் முடிஞ்சிடும்.”

அடுப்பருகே தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா ‘பக்’கென்று சிரித்தாள்.

“இன்னா சிரிப்பு?”

“ஒண்ணுமில்ல. மில்லத்தான் சொல்றீங்களோன்னு நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்த அப்பாவுக்குப் புரையேறியது. தோசை கருகிவிட்டது. அதை அப்பாவே வாங்கித் தின்றார்.

கை கழுவிவிட்டு வந்து, “டாக்டராவப் போறான்னு அபார்ட்மென்ட்ல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிட்டனே” என்றார். அதற்கு என்னால் சிரிக்க முடியவில்லை. பாவமாக இருந்தது. ஆனால் நானும் ஓடாத மில்லுக்குத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துபோயிற்று. விட்டுவிடுவது என்று அந்தத் தட்டின் முன்னாலேயே முடிவு செய்தேன்.

வைவா நாள் வந்தது. விலகல் கடிதம் பையில் இருந்தது. இரண்டு பெட்டியோடு ஸ்கூட்டி ஓட்ட முடியாது என்று அப்பாவே கொண்டுவிட வந்தார். பேக்கரியில் சூடாக வாங்கி, மேலே இருப்பது வெஜ், கீழே இருப்பது முட்டை என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டு, மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தேன்.

மில் கேட் வந்தது. அப்பா பிரேக் பிடிக்கப் போகிறார் என்று பெட்டிகளை இறுக்கிப் பிடித்தேன். பிடிக்கவில்லை. பூட்டை நான்தான் திரும்பிப் பார்த்தேன். கேட்டைத் தாண்டி வண்டி அதே வேகத்தில் போனது.

“இன்னாப்பா, நிக்கல?”

“பஃப்ஸ் ஆறிடும்மா” என்றார் அப்பா, திரும்பாமல்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில், மேலே இருப்பது வெஜ்ஜா முட்டையா என்பது எனக்கு மறந்துபோயிற்று.