தமிழில் ஒரே ஒரு ப

மட்டாஞ்சேரியில் குதிரை கிடையாது. ரிக்‌ஷாவை மனிதன் இழுத்தான், கட்டை வண்டியை மாடு இழுத்தது, மிச்சமிருந்த பாரத்தையெல்லாம் வள்ளம் சுமந்தது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் குதிரைப் பந்தயத்தில் கிறுக்காவதென்றால் அதற்குத் தனியாக ஒரு தலையெழுத்து வேண்டும். வெங்கிடேஸ்வரனுக்கு அது வாய்த்திருந்தது.

பஜார் ரோட்டில் ஹர்ஜீவன் சேட்டின் மிளகுக் கிடங்கில், அந்த ஊர்ப் பேச்சில் பாண்டிகசாலையில், அவர் குமாஸ்தா. பாலக்காட்டிலிருந்து எப்போதோ கொச்சிக்கு வந்து, அரண்மனைக்குப் பின்னால் ஒரு சந்தில் தங்கிவிட்ட குடும்பம். சாதுவான மனுஷன். சாயங்காலம் மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டே வீட்டுக்கு வருவார், யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். ஆனால் மதராஸிலிருந்து ரயிலேறி, ஹார்பரில் இறங்கி, போட்டில் கடந்து, ஒரு நாள் பழசாக வந்து சேரும் இங்கிலீஷ் பேப்பரில் பந்தயப் பக்கத்தைப் பிரித்தாரென்றால் ஆளே வேறு. எந்தக் குதிரை எதற்குப் பிறந்தது, எதற்கு ஈரத்தரை பிடிக்கும், எந்த ஜாக்கி கடைசி வளைவில் சோம்பல் முறிப்பான், எல்லாம் அத்துப்படி. கிண்டி மைதானத்தை அவர் பார்த்ததில்லை. சொல்லப்போனால் பந்தயத்தில் ஓடுகிற குதிரை ஒன்றையே அவர் கண்ணால் கண்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு சின்னத் தொகை கட்டுவார். ஜெயித்தால் வீட்டுக்குக் கொஞ்சம் நல்ல காப்பிப்பொடி வரும். தோற்றால் அந்த வாரம் மூக்குப்பொடி இல்லை. அவருடைய ஏற்றமும் இறக்கமும் அவ்வளவுதான்.

பெண்டாட்டி கனகாம்பாள் திட்டுவாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. குழந்தையில்லாத வீடு. இரண்டு பேர் பேசிக்கொள்ள ஏதாவது விஷயம் வேண்டுமே, அது குதிரையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். தேங்காய் துருவிக்கொண்டே கேட்பாள்.

"அந்தக் கறுப்பிக்குக் கால் நேரேயாச்சோ?"

"நேரேயாச்சு. ஆனா மூணாமதாக்கும் வந்தது."

"பாவம், வெறுதே அதைப் போட்டு விரட்டறா. ஒரு மாசம் கெடக்க விடப்படாதோ?"

வெங்கிடேஸ்வரன் உடனே அந்தக் குதிரையின் தாயார் எப்படி ஓடியது, சொந்தக்காரன் ஏன் அவசரப்படுகிறான் என்று விளக்க ஆரம்பிப்பார். அடுப்பில் குழம்பு கொதித்து முடியும், குதிரையின் குலம் கோத்திரம் முடியாது. அவள் பாதி கேட்பாள், பாதி சிரிப்பாள். அந்த மனுஷருக்கு உலகத்தில் அதைவிட வேறு சந்தோஷம் இருக்கவில்லை.

இப்படியே போயிருக்கும். ஐம்பத்தேழாம் வருஷம் தை மாதம் சனியன் ஜெயத்தின் ரூபத்தில் வந்தது.

அதுவரை சீட்டும் பணமும் வாங்கிப் பந்தயம் கட்டிக் கொடுத்தவன் வறீது என்கிற மலையாளி. அவனுக்கு வெங்கிடேஸ்வரன் குதிரைப் பெயரை மலையாளத்தில் எழுதிக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். வீட்டில் பேசுகிற தமிழை எழுதக் கற்றது, அம்மா போட்ட கார்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான். வறீது கலூர்ப் பக்கம் குடிபோய்விட்டான். அவன் இடத்துக்கு வந்தவன் செல்லதுரை, திருநெல்வேலிக்காரன், போட்ஜெட்டிக்குப் பக்கத்தில் சோடாக்கடை. மலையாளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

"இந்த ஜிலேபி எழுத்து நமக்கு ஓடாது சாமி. இங்கிலீசும் அச்சுல இருந்தாத்தான் ஓடும், தமிழ்ல எழுதிக் குடுங்க. பேப்பரைப் பாத்து நான் இங்கிலீசுல மாத்திக்கிடுதேன்."

தமிழில் எழுதினார். இங்கேதான் சங்கடம். அன்றைக்கு அவர் கட்டிய பந்தயத்தில் பெயர் ஒத்த இரண்டு குதிரைகள். ஒன்றின் பெயருக்கு 'மலபாரின் பெருமை' என்று அர்த்தம், மற்றதற்கு 'மலபாரின் மணப்பெண்'. இங்கிலீஷில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், P-யும் B-யும். மலையாளத்திலும் அந்த வித்தியாசத்தைக் காட்ட இரண்டு எழுத்து உண்டு. தமிழில் உண்டோ? ஒரே ஒரு ப. 'மலபார் பிரைடு' என்று எழுதிவிட்டால் அது பெருமையா மணப்பெண்ணா என்று எழுதினவனுக்குத்தான் வெளிச்சம். தமிழிலேயே பிறந்து வளர்ந்தவன் இரண்டு குதிரையையும் பார்த்தவுடனே உஷாராகி, பக்கத்தில் நம்பரைப் போட்டிருப்பான். வெங்கிடேஸ்வரனின் கைக்கு இரண்டு எழுத்துப் பழக்கம். தாம் எழுதியது பெருமைதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

பெருமையைத்தான் அவர் குறித்திருந்தார். மூன்று வாரம் யோசித்துத் தேர்ந்த குதிரை அது. செல்லதுரை பேப்பரில் விரலை வைத்துத் தேடினான், முதலில் தட்டுப்பட்ட மணப்பெண்ணில் கட்டினான். யாரும் சீந்தாத மணப்பெண் எல்லாரையும் பின்னால் தள்ளிவிட்டு வந்தது. போட்டதற்கு நாற்பது மடங்கு. பெருமை எத்தனையாவதாக வந்தது என்று பேப்பர்காரன் போடக்கூட இல்லை.

பணத்தைச் செல்லதுரை ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். அந்தப் புண்ணியவான் பட்டப்பகலில், பாண்டிகசாலை வாசலில், மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் நடுவில் நின்று கத்தினான்.

"சாமி, அள்ளிட்டீயளே! மெட்ராசுல ஒரு பய கட்டாத குதிரையை இங்கன இருந்து பிடிச்சிருக்கீய!"

"அது வந்து செல்லதுரை, நான் எழுதினது..." என்று ஆரம்பித்தார். அதற்குள் சேட் வெளியே வந்துவிட்டார், தராசுக்காரன் வந்துவிட்டான், எதிர்க் கடைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அத்தனை பேரும் அவரைப் பார்த்த பார்வை அதற்கு முன்னால் அவர்மேல் விழுந்ததில்லை. வாய் மூடிக்கொண்டது, கை நீண்டுவிட்டது. என்ன செய்ய, மனுஷன்தானே.

வீட்டுக்கு வந்து கனகாம்பாளிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். அவள் முதலில் விளங்காமல் விழித்தாள். விளங்கியதும் சிரித்தாளே ஒரு சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்போ ஜெயிச்சது நீங்கோ இல்லை. தமிழாக்கும்!"

அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்ததும் மனசு லேசாயிற்று. ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், உண்மையைத் தெரிந்தவள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்கிற தைரியம். அந்தத் தைரியத்தை வைத்துக்கொண்டுதான் அப்புறம் வந்த வருஷங்களையெல்லாம் அவர் தள்ளினார்.

அடுத்த வாரமே சேட் கூப்பிட்டனுப்பி, தமது மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"சுவாமி, இத்தனை நாள் என்னோடுகூடப் பறயாமல் ஒளிச்சு வெச்சியல்லே? இந்தச் சனியாழ்ச்ச ஏது குதிர?"

முதலாளி கேட்கிறார். தெரியாது என்று எப்படிச் சொல்வது? தமக்குத் தெரிந்தபடி கணக்குப் போட்டு, தகப்பன் குதிரை, தரை, ஜாக்கி என்று காரணங்களை அடுக்கினார். சேட் கொட்டாவி விட்டார். "அதொன்றும் வேண்டாம். பேரைப் பற" என்றார். சொன்ன குதிரை தோற்றது. நல்லதாகப் போயிற்று, இனி விட்டுவிடுவார்கள் என்று வெங்கிடேஸ்வரன் நிம்மதியாக மூச்சு விட்டார். சேட்டோ வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நல்ல குதிரையைத் தனக்கு வைத்துக்கொண்டு கெட்டதை நமக்குத் தள்ளிவிட்டான் சுவாமி என்று பஜார் முழுவதும் சொன்னார். இன்னொரு வாரம் எதேச்சையாக ஒன்று ஜெயித்தது. அன்றிலிருந்து அவர் 'குதிரை சுவாமி' ஆனார். தோற்றால் அவருடைய வஞ்சகம், ஜெயித்தால் அவருடைய மந்திர சித்தி. நடுவில் தப்பிக்க ஒரு சந்துகூட இல்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சேட்டின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தமிழில் ஒரே ஒரு ப, தாம் எழுதியது ஒன்று, செல்லதுரை படித்தது ஒன்று, ஜெயித்தது பிசகு, தமக்கு ஒரு மண்ணும் தெரியாது. சேட் மூச்சுவிடாமல் கேட்டார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அங்ஙனெ வரட்டே! விஷயம் தமிழெழுத்தில்தான் அல்லே?"

அப்படிப் பிடித்தது புதுச் சனியன். இனிமேல் அவர் குதிரையைச் சொல்ல வேண்டாம். அவரவர் நினைத்த குதிரையின் பெயரை அவர் கையால் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும், மிச்சத்தை எழுத்து பார்த்துக்கொள்ளும். சனிக்கிழமை காலையில் பாண்டிகசாலையில் வரிசை நின்றது. மிளகுத் தரகர், சுக்கு வியாபாரி, வள்ளக்காரன், ஒருதடவை கும்பளங்கியிலிருந்து இறால் வளர்க்கிற செம்மீன்கெட்டுக்காரர் ஒருவர் மீனோடு வந்து நின்றார். சைவருக்கு மீன் எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. அழுகிற குழந்தைக்கு மந்திரிக்கிற மாதிரி, அவர் ஒவ்வொரு சீட்டாக எழுதினார். எழுதமாட்டேன் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். மறுநாள் தராசுக்காரன் முதல் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சேட் இரண்டு நாள் கூப்பிடவே இல்லை. மூன்றாம் நாள் வெங்கிடேஸ்வரன் தாமே போய்ப் பென்சிலை எடுத்துக்கொண்டார்.

இதில் அவருக்கு உண்மையாக வலித்தது வேறொன்று. பந்தயப் பக்கம் படிப்பதே நின்றுபோயிற்று. நாலு வருஷம் ராத்திரி பகலாகச் சேர்த்த ஞானம் அவருக்கு ஒரு நாளும் பேர் வாங்கித் தரவில்லை. ஒரு பிசகு வாங்கித் தந்த பேரில் அவர் தொங்கிக்கொண்டிருக்கிறார். அப்புறம் எந்த முகத்தோடு ஒரு குதிரையின் வம்சாவளியைப் படிப்பது? தமக்கென்று பந்தயம் கட்டுவதையும் விட்டுவிட்டார். இது ஊரில் யாருக்கும் தெரியாது, சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

கோயம்புத்தூரில் சேட் ஒரு கிளை திறந்தபோது, என்னை அங்கே அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டார். சேட் சிரித்தார்.

"சுவாமி போயால் சனியாழ்ச்ச யார் எழுதும்?"

அவ்வளவுதான், கிளைக்கு வேறொருவன் போனான். வெங்கிடேஸ்வரன் அன்று வீட்டுக்கு வந்து, கனகாம்பாள் துருவிப் போட்ட தேங்காயைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவள் தேங்காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அறுபத்துமூன்றாம் வருஷம் பக்கத்து வீட்டுப் பாக்கியலக்ஷ்மிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அவள் புருஷன் ஏலூர் உரத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறவன். வெங்கிடேஸ்வரனிடம் எழுதி வாங்கிய சீட்டு ஒன்று நல்லபடி பலித்துவிட்டது. ஓலை மாற்றி ஓடு போட்டார்கள், பின்னால் ஓர் அறை கட்டினார்கள், அறைக்கு நீலச் சாயம் அடித்தார்கள். கனகாம்பாள் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் அந்த நீலச் சுவர் எதிரே நின்றது. பாக்கியலக்ஷ்மி நல்லவள்தான், வாய் சும்மா இருக்காது. "உங்காத்து மாமா கையாக்கும் மாமி, கை!" என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னாள்.

மழை விடாமல் பெய்த ஒரு சனிக்கிழமை. வெங்கிடேஸ்வரன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாண்டிகசாலைக்குக் கிளம்பினார். கனகாம்பாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் இருந்தன.

"ஏன்னா, ஒண்ணு எழுதித் தாங்கோ."

"என்னது?"

"குதிரைப் பேராக்கும். தமிழ்லெ."

அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. எவ்வளவு காலத்துக்கு அப்புறம் பழைய கேலி! சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். அவள் சிரிக்கவில்லை.

"கனகா, நோக்குத் தெரியுமே. அது பிசகாக்கும். நீதானே அன்னைக்கு அத்தனை சிரிச்சாய்?"

"சிரிச்சேன். யாரு இல்லைன்னா?" அவள் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஊரு முழுக்க எழுதிக் கொடுக்கறேள். வள்ளக்காரனுக்கு எழுதறேள், அடுத்தாத்துக்காரிக்கு எழுதறேள். இத்தனை வருஷத்துல நேக்குன்னு ஒண்ணு எழுதினதுண்டோ?"

அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். உள்ளே போய், தினமும் வந்து பிரிக்காமலே கிடந்த பேப்பர்க் கட்டிலிருந்து கடைசியாக வந்ததை எடுத்து வந்து, வருஷக்கணக்கில் தொடாத அந்தப் பக்கத்தைப் பிரித்தார்.

"சரி, உட்காரு. நன்னாப் பார்த்துச் சொல்றேன். இதோ, இந்தச் செவலை இருக்கே, இதோட அம்மைக்கு மழைத்தரைன்னா உயிராக்கும். போன தடவை எடை கூடிப்போச்சுன்னுட்டு..."

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் கனகாம்பாள். "பேரை மாத்திரம் எழுதினா மதி, அது போறும்."

அவர் எழுதினார். பென்சில் முனை இரண்டு தடவை ஒடிந்தது. காகிதத்தை அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், சீட்டு வாங்குகிற எல்லாரும் வாங்குகிற மாதிரியே. என்ன குதிரை என்று படித்துக்கூடப் பார்க்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "குதிரை சுவாமி கையாக்கும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

வெங்கிடேஸ்வரன் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். பாண்டிகசாலையில் அவருக்காக ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.