ஊசிக்கு முன் ஒரு புள்ளி

அழகு அறுவை சிகிச்சை மருத்துவர் என்று இன்றைக்கு வாசலில் பலகை மாட்டியிருக்கும் டாக்டரம்மாவுக்கு, படிக்கிற காலத்தில் வீட்டில் ஆதரவு என்று சொல்லிக்கொள்ள ஒரே ஓர் ஆள்தான். அண்ணி. "உயிரைக் காப்பாத்துற படிப்பை விட்டுட்டு மூக்கை நிமிர்த்துற படிப்பா?" என்று அண்ணன் எகிறியபோது, "முதல்ல உங்க மூக்கைக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்று அவர் வாயை அடைத்தவள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வாய் அண்ணிக்கு! அந்த வாய்க்கே ஒருநாள் ஆபத்து வந்தது.

மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் மேலுதடு பிளந்துவிட்டது. ரத்தம் தோய்ந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, நாத்தனார் பயிற்சியில் இருந்த மருத்துவமனைக்கே அண்ணி வந்துவிட்டாள். தலைமை மருத்துவர் வேறோர் அறுவையில் இருந்தார்.

"அவர் வர்ற வரைக்கும் பொறுங்க அண்ணி."

"அவரு எதுக்கு? நீ எதுக்குப் படிக்கிற? தை!" துண்டுக்குள்ளிருந்தே அதட்டல் வந்தது.

உதடும் தோலும் சேரும் கோடு மயிரிழை பிசகினாலும், எதிரில் நின்று பேசுகிறவர் கண்ணுக்குத் தப்பாது. அதனால், மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன்பே வெட்டின் இரு பக்கமும் மையால் புள்ளி வைத்துவிட வேண்டும். ஊசி போட்டால் உதடு வீங்கி வெளுத்து, கோடு மறைந்துவிடும். இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. அண்ணிக்கு வலிக்கிறதே என்ற பதற்றத்தில் இவள் ஊசியை முதலில் போட்டுவிட்டாள். கோட்டைக் காணோம்! வீக்கம் வடியக் காத்திருந்திருக்கலாம். அதுவும் தோன்றவில்லை. குத்துமதிப்பாகத் தைத்துவிட்டாள்.

தையல் பிரித்த அன்று பார்த்தால், கோடு ஓரிடத்தில் படிபோல் ஏறி இறங்கியிருந்தது. அண்ணி கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை. இவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"தப்பு என்னோடதுதான் அண்ணி. புள்ளி வைக்காம ஊசி போட்டுட்டேன். எனக்கு இந்தப் படிப்பே வேண்டாம், விட்டுடுறேன்."

"என் மூஞ்சியைக் கெடுத்துட்டு நீ பாட்டுக்கு ஓடிடலாம்னு பார்க்கிறியா? ஒழுங்கா படிச்சு முடி. முடிச்சுட்டு வந்து நீயே சரி பண்ணு. அதுவரைக்கும் வேற யாரையும் தொட விடமாட்டேன்."

தலைமை மருத்துவரே சரிசெய்து தருவதாகச் சொல்லியும் அண்ணி மசியவில்லை. உதட்டைப் பற்றி விசாரித்தவர்களிடம், "எங்க வீட்டு டாக்டர் பாதி வேலையைப் பாக்கி வச்சிருக்கா" என்று சிரித்தாள். படம் எடுக்கும்போது மட்டும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவள் மறுபடி புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள்.

பலகை மாட்டிய அன்று, முதல் ஆளாக வந்து அண்ணி அறுவை மேசையில் ஏறிப் படுத்தாள். இத்தனை வருஷம் இவளைப் படிப்பை விட்டு ஓட விடாமல் பிடித்து வைப்பதற்காகவே அந்த உதட்டோடு ஊரெல்லாம் போய்வந்தவள்! இந்த நன்றியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"அண்ணி, நீங்க மட்டும் இல்லேன்னா..."

"அழுகையெல்லாம் அப்புறம். முதல்ல புள்ளி வை."

வைத்தாள். அண்ணி கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் ஊசியை எடுத்தாள்.

அதற்கப்புறம் எடுத்த குடும்பப் படத்தில் அண்ணி நடுவில் நிற்கிறாள். முகத்தைத் திருப்பாமல், நேராகப் பார்த்து, வாய் நிறையச் சிரிக்கிறாள்.