அந்தக் காரின் இடப்பக்கம்

பழைய கார்களின் பூர்வீகம் பார்த்துச் சொல்கிறவர் ஒருவர் சென்னையிலிருந்து எங்கள் பட்டறைக்கு வந்திருந்தார். ஒல்லியானவர். வண்டியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எங்கள் தெருப் பெரியவர் ஒரு காரைத் தேடி வாங்கியிருந்தார். கல்யாணத்தன்று அவரும் மனைவியும் ஏறிய கார் அதுதான் என்பார். அப்போது பிரெஞ்சு நாட்டு வண்டிகள்போல ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்ததாம். பிறகு யாரோ வலப்பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று நம்பினார்.

வந்தவர் வண்டிக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்தார்.

“மாத்துன தடமே இல்லீங்க. கம்பெனிலேந்து வரும்போதே வலப்பக்கம்தான். ஒரிஜினல் வண்டி. ஆனா உங்க கல்யாண வண்டி இல்ல.”

“நல்லாப் பாருங்க முசியே,” என்று பிரெஞ்சில் ‘ஐயா’ போட்டுச் சொன்னார் பெரியவர். குரல் இறங்கிவிட்டது.

“விடுங்க. அந்த வண்டில எனக்கு வாந்தி வந்துது, அத மறந்துட்டீங்களா?” என்றார் கூட வந்திருந்த மனைவி.

வந்தவர் சிரிக்கவில்லை. “அன்னிக்கு எங்க உக்காந்தீங்கம்மா?”

“டிரைவருக்குப் பின்னாடி.”

பின் இடக் கதவைத் திறந்து அந்த அம்மாவை உட்காரவைத்தார். பெரியவரும் ஏறினார். பிறகு அந்தச் சென்னைக்காரர் ஸ்டியரிங் இல்லாத முன் இடப்பக்கத்தில் தானே டிரைவர்போல அமர்ந்து, அவர்கள் இறங்கும்வரை திரும்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிப் போய் உட்கார அவருக்கு எப்படித் தோன்றியது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.