தீவுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் திரும்பிய படகு

தை மாதம் எங்களுக்குக் கல்யாண நாள் வரும். மகன் கோயம்புத்தூரில் இருந்தபடியே தென்கடல் கரையில் ஓர் எக்கோ லாட்ஜில் இரண்டு ராத்திரிக்கு அறை எடுத்துவிட்டான். சாப்பாடு, படகு சஃபாரி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் இந்தப் பக்கத்தில் ஏற்றுகிறாள். "போறவங்களுக்கு உதவும் மாமா, நேரம் தூரமெல்லாம் சரியாச் சொல்லுங்க" என்றாள். சரியாகவே சொல்கிறேன். லாட்ஜின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

நான் போக மாட்டேன் என்றுதான் சொன்னேன். கடலில் ஐம்பது வருஷம் கிடந்தவனுக்குக் கடல் காட்ட ஆள் வேண்டுமா? ஆனால் சஃபாரி எந்தத் தீவுக்கு என்று மகன் போனில் சொன்னதும் என் மனைவி ஞானம் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். துணிக்கு முன்னால் அவள் எடுத்து வைத்தது ஒரு மெழுகுவத்தி.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவில் அவள் தங்கச்சி ரோஸ்லின் கிடக்கிறாள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கடல்பாசி எடுக்கப் பெண்கள் தீவிலேயே பத்து நாள், பதினைந்து நாள் தங்குவார்கள். அவர்களை வத்தையில், அதாவது சின்னப் பாய்மரப் படகில், கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டி வருவது என் வேலை. ஓர் ஆடி மாதம், நாங்கள் மூன்று பேரும் தீவில் இருக்கும்போது ரோஸ்லினுக்குக் காய்ச்சல் கண்டது. கச்சான் காற்று பேய் மாதிரி அடித்தது. கரைக்குக் கொண்டு போகலாம் என்று ஞானம் கெஞ்சினாள். காற்று இறங்கட்டும் என்றேன். காற்று நான்கு நாள் இறங்கவில்லை. மூன்றாம் நாள் ரோஸ்லின் போய்விட்டாள். பத்தொன்பது வயது. தீவிலேயே புதைத்து, பவளக் கல்லை அடுக்கிச் சிலுவை வைத்தோம். அப்புறம் தீவை வனத்துறை எடுத்துக்கொண்டது, அங்கே நாங்கள் கால் வைக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது, ஞானம் மட்டும் கடற்கரையில் தெற்குப் பார்த்து ஏற்றி வைப்பாள். காற்று உடனே அணைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்குத் தங்கச்சிமடத்தில் பஸ். இராமநாதபுரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து லாட்ஜுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். ஆட்டோ அறுநூறு கேட்டார்கள், ஐந்நூறுக்கு ஒத்துக்கொண்டார் ஒரு பாய்.

"எந்த ஊருய்யா?"

"தங்கச்சிமடம்."

"தங்கச்சிமடத்துலருந்தா? கடலப் பாக்கவா? மீனு டிக்கெட்டு வாங்குன மாதிரியில்ல இருக்கு!"

ஞானம் சிரித்தாள். அந்த மூன்று நாளில் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

லாட்ஜில் தங்கும் இடம் பனையோலைக் குடிசை. உள்ளே ஏசி. எங்கள் ஓலைக் குடிசையைப் பிரித்துவிட்டு ஓடு போட எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. ஓலை இன்றைக்கு இவ்வளவு விலை போகும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. சுத்தத்தில் குறை இல்லை. மெத்தை நன்றாக இருந்தது. மத்தியானம் வைத்த மீன் மட்டும் ஐஸில் நான்கு நாள் கிடந்தது. "இன்னைக்குப் புடிச்சதுங்க" என்றார் பரிமாறியவர். "யாரு புடிச்சா, ஐஸ்பெட்டியா?" என்றேன். ஞானம் காலை மிதித்தாள்.

சஃபாரி சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. தீவு ஐந்து கிலோமீட்டர், நாற்பது நிமிஷம். இறங்கி நிற்க இருபது நிமிஷம் தருவார்கள். எங்களோடு பெங்களூரிலிருந்து ஒரு ஜோடி, மதுரையிலிருந்து ஒரு ஜோடி. வழிகாட்டியாக வந்தவருக்கு முப்பது வயது இருக்கும்.

"எந்தூரு தம்பி?"

"அபிராமம்ங்க."

"கடலே இல்லாத ஊராச்சே. நீந்தத் தெரியுமா?"

"லைஃப் ஜாக்கெட் இருக்குல்லங்கய்யா."

படகோட்டி மட்டும் கரைக்காரன். சட்டையில் 'கேப்டன்' என்று எழுதியிருப்பதாக ஞானம் படித்துச் சொன்னாள். அவனிடமாவது ரோஸ்லினைப் பற்றிச் சொல்லலாம் என்றேன். "வேணாம். சொன்னா அத்தனை பேரும் போட்டோ எடுப்பாக" என்றாள். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடல் எண்ணெய் ஊற்றியது போல் இருந்தது. வழிகாட்டி கடற்பசுவைப் பற்றியும் பவளத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். தீவுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது படகின் அடி மணல் திட்டில் தட்டியது. தண்ணீர் வற்றுகிற நேரம். கால் மணி விட்டால் படகு உட்கார்ந்துவிடும், ஏற்றம் வரும்வரை அசையாது. "யாரும் எந்திரிக்காதீங்க" என்றார் வழிகாட்டி.

எங்கள் பக்கம் படகு தட்டினால் யாரும் யோசிப்பதில்லை. சத்தம் காதில் விழும்போதே ஆம்பிளைகள் தண்ணீரில் நிற்பார்கள். கால் தானாகப் போகும். நானும் குதித்துவிட்டேன். இடுப்பளவு தண்ணீர். தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினேன். படகு வழுக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போனது. பெங்களூர்ப் பிள்ளைகள் கை தட்டிப் படம் எடுத்தார்கள். எழுபத்தொரு வயதில் ஒரே தள்ளில் கிளப்பிவிட்டேன் என்று எனக்கும் பெருமைதான். ஞானத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தீவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னை மேலே இழுத்துப் போட்டதும் வழிகாட்டி படகைத் திருப்பச் சொன்னார். பயணி தண்ணீருக்குள் போனால் சஃபாரி அங்கேயே முடிந்தது, கரைக்குத் திரும்ப வேண்டும், அதுதான் விதியாம். மதுரைக்காரர் சண்டை போட்டார். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். படகோட்டி குனிந்து மெதுவாகச் சொன்னான்: "தள்ளுனது சரிதான் பெரியப்பா. ஆனா இங்கன நம்ம சரிக்கு மதிப்பில்ல."

கரையில் ஒரு தாளை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். வைப்பதற்கு முன்னால் படிக்கச் சொன்னேன். 'பயணி தவறிக் கடலில் விழுந்தார்' என்று படித்தார் வழிகாட்டி.

"விழலய்யா. எறங்குனேன். திருத்தி எழுது."

"எல்லாம் ஒண்ணுதாங்கய்யா."

ஞானம் முன்னால் வந்து நின்றாள். "எறங்குனாருன்னே எழுதிக்கிருங்க தம்பி. முப்பத்தெட்டு வருசம் முந்தி எறங்கச் சொன்னேன். இன்னைக்குத்தான் எறங்கியிருக்காரு."

வழிகாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்குக் காற்று எந்த மூலையிலிருந்து அடித்தது, வத்தையின் கயிற்றை எந்தக் கல்லில் கட்டியிருந்தேன் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காற்று அவ்வளவு மோசமா என்பதுதான் இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு காலைப் படகில் இடம் இருந்தது. எனக்கு இனி அனுமதி கிடையாது, அம்மா மட்டும் வரலாம் என்றார்கள். அவள் போனாள். நான் கரையில் தொங்கிய கயிற்று ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன். அது ஜோடிகள் உட்காருவதற்காகக் கட்டியது. பதினொன்றே கால் மணிக்குப் படகு திரும்பியது. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"சிலுவை இருந்துச்சா ஞானம்?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

போக நினைக்கிறவர்களுக்கு: தை, மாசியில் தென்கடல் அடங்கியிருக்கும், அப்போது போங்கள். ஆடிப் பக்கம் வேண்டாம். தொப்பியும் மாற்றுத்துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் குடிதண்ணீர் கிடையாது. திரும்பி வர ஆட்டோவை முன்பே சொல்லி வையுங்கள், அங்கன நின்று பிடிக்க முடியாது. படகு தட்டினால் அசையாமல் உட்கார்ந்திருங்கள். புருஷனும் பெண்சாதியும் பேசித் தீர்க்காத சங்கதி ஏதாவது இருந்தால் வீட்டிலேயே பேசிவிட்டுப் போங்கள். அங்கே நல்ல மெத்தை இருக்கிறது, தூக்கம் வராது.

இராமநாதபுரத்தில் பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்க ஞானம் பையைத் திறந்தாள். எட்டிப் பார்த்தேன். தீப்பெட்டி இருந்தது. மெழுகுவத்தி இல்லை.