விடியப்புறம் நாலரைக்கு ஒரு கலியாணம்

இணையத்தளம் கட்டுவது என் தொழில். சேர்வருக்குள் ஓடும் பகுதிக்கு நான் பாவிப்பது ஒரு திறந்த மூலச் சட்டகம். முகம் தெரியாத ஆட்கள் பல நாடுகளில் இருந்து எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கும் சாமான். அத்திவாரமும் சுவரும் அவர்கள் போட்டது. யன்னலுக்குச் சாயம் பூசுவதுதான் நான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இதை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. 'கொம்பியூட்டர் திருத்துறவர்' என்கிறார்கள். போன மாதம் ஒருவர் மின்விசிறியோடு வந்தார். திருத்திக் கொடுத்தேன். முன்பு அது மெதுவாகவாவது சுற்றியது.

என் கையில் இருந்த ஒரே பெரிய வேலை ஒரு கலியாண மண்டபத்தின் பதிவுத் தளம். அதற்கும் ஆபத்து வந்தது. மண்டபக்காரரின் மருமகன் கொழும்பில் ஒரு கம்பனியின் ஆயத்த மென்பொருளைப் பார்த்துவிட்டு, என் தளத்தைத் தூக்கிவிட்டு அதைப் போடச் சொல்லி மாமனாரை அரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மண்டபக்காரர் போன் எடுத்தார்.

"தம்பி, உடனை வாரும். வாற வெள்ளிக்கிழமை மண்டபம் காலி எண்டு உம்மடை தளம் சொல்லுது. அண்டைக்கு இஞ்சை என்ரை மச்சாளின்ரை மகளுக்குக் கலியாணம்!"

போனேன். மருமகன் வாசலிலேயே நின்றார்.

"சும்மா கிடைக்கிற சாமானிலை கட்டினால் உப்பிடித்தான் மாமா. ஆர் வேணுமெண்டாலும் உள்ளை பூந்து பாக்கலாமாம். வேலியில்லாத வளவு."

"வேலி போட்டபடியாலைதானே இஞ்சை பாதிச் சனம் கோட்டுக்கு அலையுது," என்றேன்.

மண்டபக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் ஒரு வேலி வழக்கு ஓடுகிறது.

மடிக்கணினியைத் திறந்து தேடினேன். கலியாணம் வியாழக்கிழமையில் போய் இருந்தது. காரணம் விளங்கியதும் காது சூடானது. சட்டகம் நேரத்தைக் கிரீன்விச் கணக்கில் சேமிக்கும். எங்கள் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் திகதியை எடுக்க வேண்டும் என்று அதன் கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் மாற்றாமலே எடுத்திருந்தேன். இந்த முகூர்த்தமோ வெள்ளி விடியப்புறம் நாலரைக்கு. கிரீன்விச்சில் அது இன்னும் வியாழன் இரவு. தளத்தைச் சோதிக்க நான் நடத்திவைத்த பொய்க் கலியாணங்கள் எல்லாம் காலை பத்து மணிக்கு மேல். நான் எழும்புவதே அப்போதுதான்.

"பிழை சட்டகத்திலை இல்லை அண்ணை. என்னிலை."

"அது எனக்கு முதலே தெரியும்," என்றார் மண்டபக்காரர்.

ஒரு வரியை மாற்றினேன். கலியாணம் வெள்ளிக்கு வந்து குந்தியது.

"பாத்தீங்களே மாமா, பிழையெண்டு உவரே ஒத்துக்கொள்ளுறார்."

"ஓம், ஒத்துக்கொள்ளுறன். திறந்து கிடந்தபடியாலை கண்டுபிடிச்சன், இதிலையே இருந்து திருத்தினன். இப்ப உங்கடை சாமானிலை இதே கலியாணத்தைப் போடுங்கோ, பாப்பம்."

மருமகன் போனில் போட்டார். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: மண்டபங்கள் காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும். அதை மாற்ற இடம் தேடினார், இல்லை. கம்பனிக்குப் போன் எடுத்தார். அடுத்த பதிப்பில் கவனிப்பதாகச் சொன்னார்கள்.

"அதுவரைக்கும் பொம்பிளையை மணவறையிலை இருத்தி வைக்கிறதோ?" என்றார் மண்டபக்காரர்.

மருமகன் அதோடு விட்டிருக்கலாம். "எட்டு மணிக்குத் தாலி கட்டினால் என்ன மாமா?" என்றார்.

ஐயர் குறித்த நேரத்தில் கை வைத்த மருமகனை மாமனார் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, தேத்தண்ணி குடியும்," என்றார். என் தளம் தப்பியது.

வீட்டுக்கு வந்தும் காதுச் சூடு ஆறவில்லை. என்னைப் போல் இன்னொரு மடையன் விழக்கூடாது என்று, அந்தக் கையேட்டில் சேர்க்கச் சொல்லி ஓர் உதாரணம் எழுதி அனுப்பினேன்: யாழ்ப்பாணம், கலியாணம், விடியப்புறம் நாலரை. சட்டகத்தைப் பராமரிப்பவர்களில் ஒருவர் பணிவாகக் கேட்டார்: இந்த நேரத்தில் யாரும் கலியாணம் செய்வார்களா? மதியச் சாப்பாட்டு நேரக் கூட்டம் என்று மாற்றினால் இயல்பாக இருக்காதா?

மாற்ற முடியாது என்று பதில் போட்டேன். நாங்கள் செய்வோம், சந்தேகமென்றால் வந்து பாருங்கள், நாலு மணிக்கே தேத்தண்ணி தருவோம் என்றும் எழுதினேன்.

அவர் வரவில்லை. கையேட்டில் கலியாணம் நாலரைக்கே இருக்கிறது.