கதவுக்கு முட்டுக்கொடுத்த டாங்கி

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ் வாசல். வீட்டுக்காரர் மைன்ஸில் ரிட்டயர் ஆனதால் வீட்டைக் காலி செய்கிறார்கள். வேண்டாத சாமான்களை அந்த அம்மா வாசலில் பரப்பி விற்கிறார். பஸ்ஸுக்குப் போகிற நான், அதில் ஒரு பொம்மை டாங்கியைப் பார்த்து நின்றுவிடுகிறேன்.

நாற்பது வயதிலும் டாங்கி பொம்மை சேர்க்கிற ஆள் நான். எதை எடுத்தாலும், எங்கே செய்தது என்று புரட்டி அடியைப் பார்ப்பேன். இது சீனா. பெயின்ட் வெகு நேர்த்தி; பீரங்கிக் குழாய்தான் பிளாஸ்டிக், தொட்டாலே ஆடுகிறது. அப்போதுதான் வாசற்கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கும் இன்னொரு டாங்கி கண்ணில் படுகிறது. அதே மாடல். குனிந்து எடுத்துப் புரட்டுகிறேன். இங்கிலாந்து! கதவு படாரென்று என் முதுகில் அடிக்கிறது.

"அது விக்கறதுக்கு இல்லீங்க."

"அம்மா, இது பழைய வார்ப்பு. முழுக்க உலோகம். என்னா கனம் பாருங்க!"

"அதுக்குத்தாங்க வச்சிக்கினு இருக்கேன். நாங்க குடிபோற முத்தாண்டிக்குப்பத்து வூட்லயும் கதவு அடிச்சிக்கும். அந்த இன்னொண்ண வச்சா கதவோட சேந்து அதுவும் போயிடுது."

நான் புகழப் புகழ, அவருக்குத்தான் அதன் அருமை கூடுகிறது. விடுவேனா? தெருக்கோடியில் மதில் கட்டும் கொத்தனாரிடம் கெஞ்சி ஒரு செங்கல் வாங்கி, வெயிலில் சுமந்து வருகிறேன்.

"இது அதைவிட கனங்க. மாத்திக்கலாம்."

அம்மா செங்கல்லை வாங்கி, என்னைப் போலவே புரட்டி அடியைப் பார்க்கிறார்.

"எந்தூர்ல செஞ்சதுங்க இது?"

வாய்க்கு வந்த ஊரைச் சொல்கிறேன். "பண்ருட்டிங்க."

"அப்ப நம்பலாம்" என்று டாங்கியை நீட்டுகிறார்.