வடைக்குக் கொடுத்த காது

இடது காதுக் கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள் சுடலைமாடத்தி. அடுப்பு பற்றியதும் அவள் செய்கிற முதல் வேலை அதுதான். "வலது காது வாரவன் போறவனுக்கு, இடது காது வடைக்கு" என்பாள். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் தலையைச் சாய்த்துவிட்டால் பிறகு சட்டியைத் திரும்பிப் பார்க்கிற வழக்கமில்லை.

தூத்துக்குடி மார்க்கெட் வாசலில், மீன்காரிகளும் கப்பலில் மூட்டை இறக்கப் போகிறவர்களும் முட்டிக்கொள்கிற இடத்தில் அவள் கடை. கடை என்றால் ஒரு விறகடுப்பு, ஒரு இரும்புச் சட்டி, உட்கார ஒரு பலகை. மாவு எண்ணெயில் விழுந்ததும் சடசடவென்று கத்தும். போகப்போகத் தணிந்து முணுமுணுக்கும். அதுவும் அடங்குகிற கணத்தில் அரிகரண்டி உள்ளே இறங்கும். வருகிற வடையெல்லாம் ஒரே பொன்னிறம்.

"ஈரம் இருக்க மட்டும்தான் வடை பேசும். வெந்துட்டுன்னா வாயை மூடிக்கிடும். எங்க வீட்டு மனுசனுக்குத்தான் அந்தப் புத்தி கெடையாது."

காது வடையைப் பார்த்துக்கொள்வதால் கண்ணுக்குத் தெருவில் வேலை. "ஏலே நீலச்சட்டை, வெறும் வயித்தோடயா மூட்டை தூக்கப் போற?" நீலச்சட்டை நின்றுவிடும். "ஏளா, கூடையை எறக்கி வச்சிட்டு ஒண்ணு கடிச்சிட்டுப் போ." கூடை இறங்கிவிடும். அவள் கண்ணில் பட்டு, வடை தின்னாமல் அந்த வாசலைத் தாண்டியவர்கள் குறைவு.

இப்படி நடந்துகொண்டிருந்த வியாபாரத்தில்தான், பொங்கல் கழிந்து எதிர்வரிசையில் காசிலிங்கம் ஒலிபெருக்கி வாடகைக் கடை திறந்தான். வாசலில் இருந்த வாகை மரத்தில் இரண்டு குழாய்களைக் கட்டி மார்க்கெட்டைப் பார்க்கத் திருப்பிவிட்டான். காலையில் பக்திப் பாட்டு, அப்புறம் சினிமாப் பாட்டு, நடுநடுவே "ஹலோ, மைக் டெஸ்டிங்." போதாக்குறைக்குப் புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகளின் ஹாரன் வேறு.

வடை பேசியது. சுடலைமாடத்திக்குக் கேட்கவில்லை. முதல் ஈடு கருகியது, அடுத்த ஈடு உள்ளே மாவாக வந்தது. சட்டியையே பார்த்துச் சுட்டாள். வடை தப்பியது, நீலச்சட்டைகள் தப்பிப் போனார்கள். தெருவைப் பார்த்தாள், ஆள் நின்றது, வடை தீய்ந்தது. மூட்டை இறக்குகிற அற்புதமணி, பழைய வாடிக்கை, ஒரு வடையைத் தூக்கி வெயிலில் பார்த்தான். "என்னக்கா, இனிமே கரி வியாபாரமா?" சொல்லிவிட்டு முக்குக் காப்பிக்கடைக்கு நடந்தான். அவன் பின்னால் நாலைந்து பேர் போனார்கள். அன்றைக்கு உளுந்து மாவு பாதி மிஞ்சியது. மறுநாள் இன்னும் குறைவாக ஊறப்போட்டாள். இப்படியே குறைத்துக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும்?

சண்டை போடவில்லை. இலையில் இரண்டு கருகல் வடையை வைத்து எதிர்க்கடைக்குப் போனாள். காசிலிங்கம் ஆசையாகக் கடித்து, முகத்தைச் சுளித்தான்.

"யக்கா, என்ன இப்படிச் சுட்டிருக்க?"

"நான் எங்கல சுட்டேன்? ஒன் கொழாய் சுட்டது. தின்னு."

"சத்தம் வெளிய போனாத்தானக்கா நாலு கல்யாண வீட்டுக்காரன் வருவான்?"

"வடைச் சத்தம் எனக்குள்ள வந்தாத்தானல என் வீட்டுல ஒலை கொதிக்கும்?"

அவன் யோசித்தான். இரண்டாவது வடையையும் தின்றுவிட்டுத்தான் யோசித்தான். கடைசியில் உடன்படிக்கை ஆயிற்று: வடை முணுமுணுக்கிற நேரம் பார்த்து அவள் அரிகரண்டியைத் தூக்குவாள், அவன் பாட்டைத் தணிப்பான். கரண்டி இறங்கினால் பாட்டு ஏறும்.

முதலில் காசிலிங்கம் மட்டும்தான் பார்த்தான். பாட்டு தணிந்ததும் பேச்சைத் தணிக்க மீன்காரிகள் பழகினார்கள். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் மாட்டின் கழுத்து மணி குலுங்காமல் பிடித்துக்கொண்டார். பொன்னிறம் திரும்பியது, காப்பிக்கடையிலிருந்து அற்புதமணியும் திரும்பினான், ஒன்றும் நடக்காதவன் போல. "கரி தீந்துபோச்சு, வேற கடை பாரு" என்று சொல்லிக்கொண்டே அவனுக்குப் பெரிய வடையாக எடுத்து வைத்தாள்.

போன வாரம் ஒரு கல் லாரி, வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு விடாமல் ஹாரன் அடித்தது. டிரைவர் ஊருக்குப் புதிது. சுடலைமாடத்தி திரும்பக்கூட இல்லை, கரண்டியைத் தூக்கினாள். பாட்டு தணிந்தது. மீன் ஏலம் நின்றது. மார்க்கெட்டே வாய் மூடியதைக் கண்டு டிரைவரின் கை தானாக ஹாரனை விட்டது. வெளியே எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, சாமி வருதா?"

"ஸ்ஸ்" என்றான் அற்புதமணி. "வடை வேகுது."

கம்மல் இல்லாத காது சட்டிப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. முணுமுணுப்பு அடங்கியது. ஒரே வாரலில் வடைகளை அள்ளித் தட்டில் கொட்டிய சுடலைமாடத்தி, எண்ணெய் சொட்டுகிற கரண்டியாலேயே, போலீஸ்காரர் மாதிரி, லாரிக்கு வழி காட்டினாள்.